முகிற்பெயரும் புயற்குறியும்: கல்கத்தாவில் மேகமறிதலின் வரலாறு

1. முன்னுரை

முகிலைக் கண்டு வரவிருக்கும் மழையையும் காற்றையும் உணர்தல் உழவர்க்கும் கடலோடிகளுக்கும் தொன்றுதொட்டு இன்றியமையாத அறிவாக விளங்கி வந்துள்ளது. இவ்வறிவு இரு கூறுகளை உடையது. ஒன்று, ஒரு முகிலைப் பிற முகில்களினின்றும் பிரித்து இனங்காணுதல். மற்றொன்று, அம்முகில் எதனைச் சுட்டுகின்றது என உணர்தல். முதற்கூறு பெயரைப் பற்றியது. இரண்டாவது கூறு பொருளைப் பற்றியது. பண்டைய மொழிகளில் இவ்விரண்டும் பெரிதும் ஒன்றியே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய வானிலையியல் இவற்றைப் பிரித்து ஆராய்ந்தது.

இப்பிரிவும், பிரிந்தவற்றை மீண்டும் இணைக்கும் முயற்சியும் இந்தியாவில் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் கல்கத்தா (2001 முதல் கொல்கத்தா) ஆகும். மக்கள் வழக்கு, நூல் வழக்கு, இலத்தீன் வழக்கு ஆகிய மூன்றும் அந்நகரில் சந்தித்தன. ‘சைக்ளோன்’ என்னும் சொல் பிறந்ததும், இந்திய வானிலைத்துறை தோன்றியதும் அந்நகரிலேயே ஆகும். முகிலின் பெயர் உருவைச் சுட்டுவதோடு நில்லாது, அதன் பொருள் மக்களைச் சென்றடையும்போதுதான் உயிர்களைக் காக்கும் என்பதனை அந்நகரின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது. தமிழின் முகிற்பெயர்களும் புயல் என்னும் சொல்லின் வரலாறும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. தமிழ் மரபில் முகிற்பெயர்கள்

முகில், கொண்டல், எழிலி, மஞ்சு, கார், புயல் முதலிய பல சொற்கள் தமிழில் மேகத்தைக் குறிக்க வழங்கியுள்ளன. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்துரைப்பினும், சொற்பிறப்பு நோக்கில் இவை ஒரே தன்மையன அல்ல. எழிலி என்பது எழுதலை, அஃதாவது மேலெழும் இயல்பைச் சுட்டுவது. கொண்டல் என்பது நீரை முகந்து கொண்டமையால் அமைந்த பெயர் என்பர். மஞ்சு என்பது மலைமுகட்டிலும் மாடங்களிலும் தவழும் வெண்முகிலைக் குறிக்கப் பெரிதும் பயில்கின்றது.

இவற்றுள் கொண்டல், கார் ஆகிய இரு சொற்களும் தனியே நோக்கத்தக்கன. கொண்டல் என்பது முகிலை மட்டுமன்றிக் கீழ்த்திசையினின்றும் வீசும் காற்றையும் குறிக்கும். வாடை வடகாற்றையும், கோடை மேல்காற்றையும், தென்றல் தென்காற்றையும் குறித்தல் போல இது கீழ்காற்றிற்கு உரிய பெயராகும். சோழமண்டலக் கரைக்குக் கடல் கிழக்கே உள்ளது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெருமழையைத் தரும் முகில் அக்கடலின் மேலாகவே வருகின்றது. எனவே நீர்கொண்ட முகிலும் கீழ்காற்றும் ஒரே சொல்லால் வழங்கப்பெற்றமை நிலவியலுக்கு இயைந்ததே ஆகும்.

கார் என்னும் சொல் கருமை, கருமுகில், மழை, மழைக்குரிய பருவம் ஆகிய நான்கனையும் உணர்த்துவது. முல்லைத்திணைக்குரிய பெரும்பொழுதாகத் தொல்காப்பியம் காரைக் கூறுகின்றது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலத்திற்குரிய திங்கள்களாகக் கொள்ளப்பெறுகின்றன. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, கடல்நீரைப் பருகி எழுந்த முகில் மாலைப்பொழுதில் மழை பொழியும் காட்சியோடு தொடங்குகின்றது. கடலில் நீர் முகத்தல், மேலெழுதல், கறுத்தல், மின்னி இடித்தல், பொழிதல் என்னும் நிகழ்ச்சி நிரலை ஆண்டாளின் திருப்பாவையிலும் காணலாம். முகில் இங்கு நிலையான ஓர் உருவாக அன்றி, ஒரு செயலின் தொடராகவே உணரப்பெற்றுள்ளது.

இம்மரபில் முகிலை இனங்காணுதலும் அதன் பொருளை உணர்தலும் ஒன்றே. ‘கார்’ என்று ஒருவர் கூறிய அளவிலேயே கேட்போர்க்கு நிறமும், மழையும், பருவமும் ஒருங்கே புலனாகும். ஆனால் இவ்வொருமை அம்மண்ணிற்கு மட்டுமே உரியது. வங்கத்தில் தென்மேற்குப் பருவமழை இயல்பாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்குகின்றது. ஆடி, ஆவணித் திங்கள்களில் அங்கு மழை உச்சநிலையை எய்தும்போது சோழமண்டலக் கரை தன் பெருமழைக்கு இன்னும் காத்திருக்கும். எனவே திசையாலும் பருவத்தாலும் அமைந்த பெயர் நிலம் மாறும்போது தன் பொருளை இழக்கும்.

3. வடமொழி நூல்களும் வங்க மக்கள் வழக்கும்

வடமொழி நூல்களில் முகில்களை வகைப்படுத்தும் முயற்சிகள் பல உள்ளன. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், வேளாண்மைக்குரிய தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, ஏழு நாள்கள் தொடர்ந்து பொழியும் மேகங்கள் மூன்று எனவும், நுண்துளி தூவுவன எண்பது எனவும், வெயிலோடு கூடித் தோன்றுவன அறுபது எனவும் பகுக்கின்றது. இப்பகுப்பிற்கு அடிப்படை முகிலின் உருவன்று. அது தரும் மழையின் அளவே ஆகும். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில், மேகம் கருக்கொள்ளும் நாளினின்றும் 195 நாள்கள் கழித்து மழை பொழியும் என்னும் கொள்கையை விரித்துரைக்கின்றார்.

இவற்றோடு சமயச் சார்பான வகைப்பாடும் வழங்கியது. சம்வர்த்தம், ஆவர்த்தம், புட்கலாவர்த்தம், சங்காரித்தம், துரோணம், காளமுகி, நீலவருணம் என மேகங்கள் ஏழு எனக் கூறும் மரபு தமிழ் நிகண்டுகளிலும் இடம்பெற்றுள்ளது. ஆண்டிற்குரிய மேகம் இன்னது எனக் கணித்துரைக்கும் வழக்கம் பஞ்சாங்கங்களில் உண்டு. இவ்வகைப்பாட்டைக் கொண்டு வானத்தில் தோன்றும் ஒரு முகிலைச் சுட்டி இனங்காணல் இயலாது. இது கணக்கின்பாற்பட்டது; காட்சியின்பாற்பட்டதன்று.

காட்சியின்பாற்பட்ட அறிவு வங்க மக்களிடையே வேறு வடிவில் நிலவியது. கணா என்னும் பெண்ணறிஞரின் பெயரால் வழங்கும் உழவுமொழிகள் வங்கத்தின் சிற்றூர்களில் பரவலாக அறியப்பட்டவை. மண்வெட்டியாலும் கோடரியாலும் கொத்தியதுபோலத் துண்டுதுண்டாகத் தோன்றும் முகில், விரைவில் வரவிருக்கும் மழைக்குக் குறி என்பது அவற்றுள் ஒன்று. வரப்பைக் கட்டிக்கொள்ளுமாறு அது உழவனுக்கு அறிவுறுத்துகின்றது. இது இன்றைய அறிவியல் ‘இடைப்பட்ட திரள் முகில்’, ‘கீற்றுத்திரள் முகில்’ எனக் கூறும் வகைகளோடு ஒத்தது எனலாம். தமிழ்நாட்டில் வழங்கும் ‘அகல்வட்டம் பகல்மழை’ என்னும் பழமொழியும் இத்தகையதே. கதிரவனையோ திங்களையோ சூழ்ந்து தோன்றும் அகன்ற ஒளிவட்டம், பனித்துகள்களாலாகிய மெல்லிய உயர்முகில் வானில் படர்ந்துள்ளமையைக் காட்டும். அதனைத் தொடர்ந்து தாழ்ந்த முகில்கள் திரளுதல் பலகாலும் நிகழ்வது.

வீடு தீப்பற்றக் கண்ட பசு செந்தூர நிற முகிலைக் கண்டாலும் அஞ்சும் என்பது வங்கப் பழமொழி. தமிழில் ‘சூடுகண்ட பூனை’ என வழங்குவதனோடு இது கருத்தால் ஒக்கும். ஆயினும் வங்க வழக்கு அச்சத்தின் உவமையாக முகிலைத் தேர்ந்தமை கருதத்தக்கது. வானத்தின் நிறமும் முகிலின் வடிவும் அம்மக்களுக்கு உயிர்வாழ்வோடு தொடர்புடையனவாக இருந்தன.

4. இலத்தீன் பெயர்களின் தோற்றம்

இலண்டன் நகரில் மருந்துப்பொருள் ஆக்கத்தில் ஈடுபட்டிருந்த லூக் ஓவர்டு என்பார் 1802 டிசம்பரில் ஓர் அறிவியற் கழகத்தின்முன் முகில்களின் வகைகளைப் பற்றி உரை நிகழ்த்தினார். அவ்வுரை 1803-இல் அச்சேறியது. சிர்ரசு, குமுலசு, சிராட்டசு என மூன்று அடிப்படை வகைகளையும், அவற்றின் சேர்க்கையால் அமையும் வகைகளையும், மழைமுகிலாகிய நிம்பசு என்பதனையும் அவர் வகுத்தார். சிர்ரசு என்பதற்குச் சுருள்மயிர் என்பதும், குமுலசு என்பதற்குக் குவியல் என்பதும், சிராட்டசு என்பதற்குப் பரப்பிய அடுக்கு என்பதும் பொருள்.

அதே 1802-இல் பிரான்சு நாட்டு இயற்கையறிஞர் இலாமார்க்கும் முகில்களுக்குப் பெயரிட முயன்றார். அவர்தம் பெயர்கள் பிரெஞ்சு மொழியில் அமைந்தன, அவை பரவவில்லை. ஓவர்டின் பெயர்களோ எந்நாட்டார்க்கும் தாய்மொழியல்லாத இலத்தீனில் அமைந்தமையாலும், திசை, பருவம், பயன் ஆகியவற்றைச் சாராது உருவை மட்டுமே சுட்டியமையாலும் எங்கும் ஏற்கப்பெற்றன.

உலகின் எல்லாப் பகுதிகளிலும் முகில்கள் ஒரே வகையினவா என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. இரால்ஃப் அபர்குரோம்பி என்பார் உலகை இருமுறை வலம்வந்து, முகில்களைக் கண்டும் படம்பிடித்தும் ஆராய்ந்து, அவற்றின் வடிவங்கள் எங்கும் ஒத்தனவே என நிறுவினார். சுவீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த இல்டிபிராண்டுசனுடன் இணைந்து 1887-இல் அவர் முன்வைத்த பத்து வகைப்பாடே, 1896-இல் வெளிவந்த அனைத்துலக முகில் நிலப்படத் தொகுப்பிற்கு அடிப்படையாயிற்று. அத்தொகுப்பு பலமுறை திருத்தப்பெற்று, 2017-இல் உலக வானிலை அமைப்பால் புதிய பதிப்பாக வெளியிடப்பெற்றது.

இவ்வாறு பெயர் மண்ணினின்றும் விடுதலை பெற்றது. ஆயின் பொருள் மண்ணையே சார்ந்திருந்தது. ஒரே சிர்ரசு முகில் இலண்டனில் ஒன்றையும் வங்கக் கடலில் மற்றொன்றையும் உணர்த்தக்கூடும். எனவே ஒவ்வோர் இடத்திலும் அம்முகிலின் பொருளை நெடுநாட் பதிவுகளால் மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. கல்கத்தாவில் நிகழ்ந்த பணி இதுவே ஆகும்.

5. பிடிங்டனும் ‘சைக்ளோன்’ என்னும் சொல்லும்

இந்தியாவில் வானிலை நோக்கிற்கான முதல் நிலையங்கள் கல்கத்தாவில் 1785-இலும் சென்னையில் 1796-இலும் தோன்றின. 1784-இல் நிறுவப்பெற்ற ஆசியக் கழகத்தின் ஆய்விதழ் வானிலைச் செய்திகளுக்கும் இடமளித்தது. கப்பற் பணியினின்றும் விலகிக் கல்கத்தாவில் வாழ்ந்த என்றி பிடிங்டன், 1839 ஜூனில் வங்கக் கடலில் வீசிய பெருங்காற்றைப் பற்றிய ஆய்வுரையை அவ்விதழில் வெளியிட்டார். தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகளை அவர் எழுதினார். மாலுமிகளின் நாட்குறிப்புகளே அவருக்குச் சான்றாதாரங்கள். காற்றின் திசை, காற்றழுத்தமானியின் அளவு, அலையின் போக்கு, முகிலின் தோற்றம் ஆகியவற்றை வெவ்வேறு கப்பல்களின் குறிப்புகளினின்றும் தொகுத்து, அவற்றை ஒரே படத்தில் பொருத்தி நோக்குதல் அவர்தம் முறை.

1848-இல் வெளிவந்த அவரது நூல் மாலுமிகளுக்கென எழுதப்பெற்றது. கப்பலின் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்துக் காற்றின் சுழற்சியை உணர்வதற்குரிய, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் அந்நூலுடன் வழங்கப்பெற்றன. மையம் ஒன்றைச் சூழ்ந்து சுழலும் காற்றினைக் குறிக்க ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை அவர் அந்நூலில் கையாண்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் அவர் அதனைப் படைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் வங்கக் கடலின் சான்றுகளைக் கொண்டு கல்கத்தாவில் பிறந்ததாகும்.

பிடிங்டனின் பணி சொற்படைப்போடு நிற்கவில்லை. கல்கத்தாவிற்குத் தென்கிழக்கே மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, புயலோடு எழும் கடற்பெருக்கு அவ்விடத்தை அழிக்கும் என 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு வெளிப்படையான கடிதம் வாயிலாக எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்பெறவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858-இல் மறைந்தார். 1867 நவம்பரில் வீசிய புயலும் அதனோடு வந்த கடற்பெருக்கும் அத்துறைமுகத்தைச் சிதைத்தன. குறியை அறிந்தவர் ஒருவர் இருந்தும், அவர் கூற்று செயலாக மாறாமையால் அவ்வறிவு பயனற்றுப் போயிற்று.

6. 1864-ஆம் ஆண்டுப் புயலும் வானிலைத்துறையின் தோற்றமும்

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயல் இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். அந்தமான் தீவுகளை ஒட்டிய கடற்பகுதியில் தோன்றி வடமேற்காக நகர்ந்த அப்புயல், ஊக்ளி ஆற்றில் கடல்நீரைப் பேரலையாக உந்தியது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களுள் பெரும்பாலானவை சேதமுற்றன. ஆற்றங்கரைச் சிற்றூர்கள் நீரில் அமிழ்ந்தன. ஏறத்தாழ 50,000 பேர் அன்று மாண்டனர் எனவும், தொடர்ந்த நோய்களால் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தனர் எனவும் மதிப்பிடப்படுகின்றது. ஒரு திங்கள் கழியுமுன்னரே மற்றொரு புயல் மசூலிப்பட்டினத்தை அழித்தது.

கேஸ்டிரெல் என்னும் படைத்துறை அலுவலரும், கல்கத்தா மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் என்றி பிளான்ஃபோர்டும் இணைந்து கல்கத்தாப் புயலை ஆராய்ந்து 1866-இல் அறிக்கை வெளியிட்டனர். கப்பற் குறிப்புகளைக் கொண்டு புயலின் பாதையை நாள்தோறும் வரைந்து காட்டியது அவ்வறிக்கை. கடலில் சென்ற கப்பல்கள் கண்ட குறிகள் நகரத்தை உரிய காலத்தில் எட்டியிருப்பின் பலர் தப்பியிருத்தல் கூடும் என்பது அதனைப் படிப்போர்க்கு எளிதிற் புலனாகும். 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்திற்கெனப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பெற்றது.

1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தமை மற்றொரு தேவையை உணர்த்தியது. முகில் மிகுந்து வருதலும் வாராது ஒழிதலும் ஒருசேர ஆராயப்பட வேண்டியன என்பது தெளிவாயிற்று. 1875-இல் இந்திய வானிலைத்துறை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். நாடெங்கும் உள்ள நோக்கர்கள் ஒரே நேரத்தில், ஒரே முறையில், ஒரே பெயர்களால் வானைப் பதிவுசெய்தல் அப்போதுதான் தொடங்கியது. வானில் முகில் மூடிய பங்கு எவ்வளவு, அது எவ்வகை, எத்திசையினின்றும் நகர்கின்றது என்பன அப்பதிவின் கூறுகள். இலத்தீன் பெயர்களின் பயன் இங்குதான் வெளிப்பட்டது. வெவ்வேறு தாய்மொழியினரான நோக்கர்கள் எழுதிய குறிப்புகளை ஒரே அட்டவணையில் ஒப்பிட இயன்றது. 1885-இல் கல்கத்தாவில் இத்துறையில் பணியேற்ற உருச்சிராம் சாகனி, அதன் உயர்பதவியில் அமர்ந்த முதல் இந்தியருள் ஒருவராவார்.

எனினும் பதிவு மட்டுமே போதாது என்பதனை 1876 அக்டோபர் 31 இரவில் கிழக்கு வங்கத்துப் பாக்கர்கஞ்சு பகுதியைத் தாக்கிய புயல் உணர்த்தியது. கடற்பெருக்கிலும் பின்வந்த நோயிலுமாக ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பர். இரவின் இருளில் முகிலைக் கண்டு குறியறிதல் எவர்க்கும் இயலாது. தொலைவில் கண்ட குறி, கண்டவரைவிட விரைந்து செல்லும் செய்தியாக மாறினாலன்றிப் பயனில்லை. பிளான்ஃபோர்டுக்குப்பின் 1889-இல் துறைத்தலைவரான சான் எலியட், 1890-இல் வங்கக் கடலின் புயல்களைப் பற்றிய கையேட்டை மாலுமிகளுக்கென வெளியிட்டார். கடலோடிகளுக்குக் கையேடு கிடைத்தது. கரையில் வாழ்ந்த உழவர்க்கு அவர்தம் மொழியில் அத்தகைய துணை நெடுங்காலம் கிட்டவில்லை.

7. முகில்களின் வரிசையும் அவை உணர்த்துவனவும்

நெடுநாட் பதிவுகளால் வங்க வானில் முகில்களின் பொருள் படிப்படியாகத் தெளிவுற்றது. அவற்றுள் இரு நிகழ்ச்சிகள் முதன்மையானவை.

முதலாவது, கடற்புயலின் வருகை. புயல் மையம் தொலைவில் இருக்கும்போதே உயரத்தில் கீற்று முகில்கள் இழையிழையாகத் தோன்றும். வெப்பமண்டலத்தில் இவை ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பனித்துகள்களால் ஆனவை. அவ்விழைகள் அடிவானத்தின் ஒரு புள்ளியினின்றும் விரிவனபோல் காணப்படும்; அப்புள்ளி பெரும்பாலும் புயலின் திசையைக் காட்டும். பின்னர் மெல்லிய கீற்றுப்படை முகில் வானை மூட, ஒளிவட்டம் தோன்றும். எழுஞாயிறும் படுஞாயிறும் வானைச் செம்மையாக்கும். அதன்பின் இடைப்பட்ட படை முகிலும், தொடர்மழையுடன் கார்ப்படை முகிலும் வரும். இறுதியில் கருஞ்சுவர் போன்ற முகிலணை அடிவானில் எழும். ஒரு தனி முகிலைக் கண்டு புயலெனத் துணிதல் தவறாகும். கீற்று முகில் அமைதியான வானிலும் தோன்றுவது. முகில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும் வரிசையும், காற்றழுத்தம் வீழ்தலும் சேர்ந்தே குறியாகும்.

இரண்டாவது, காலபைசாகி எனப்படும் கோடையிடிப்புயல். பைசாகத் திங்களின் கேடு என்னும் கருத்தில் வங்கமக்கள் இப்பெயரை வழங்கினர். ஆங்கிலேயர் அதனை அது வரும் திசையால் வடமேற்குக் காற்று என்றனர். மார்ச்சு முதல் மே வரையுள்ள காலத்தில் சோட்டா நாகபுரி மேட்டுநிலம் கடுமையாக வெப்பமுறுகின்றது. வங்கக் கடலினின்றும் வரும் ஈரக்காற்று தாழ்வாகவும், மேற்கினின்றும் வரும் உலர்காற்று அதன் மேலாகவும் அமையும்போது காற்றடுக்கு நிலைகுலைந்து, பிற்பகலில் திரள் முகில்கள் விரைந்து வளர்ந்து கார்த்திரள் முகில்களாகின்றன. அவற்றின் முடி 15 கிலோமீட்டருக்கும் மேல் உயர்வதுண்டு. மேற்பகுதி கொல்லனின் அடைகல்லைப்போலத் தட்டையாகப் பரவும். அவை தென்கிழக்காக நகர்ந்து மாலைப்பொழுதில் கல்கத்தாவை அடையும்போது, முன்விளிம்பில் வில்லைப்போல வளைந்த கருமுகில் ஒன்று தாழ்ந்து தோன்றும். குளிர்காற்று திடுமென வீசி, வெப்பநிலை சில நிமிடங்களில் பெரிதும் தாழும். இடியும் ஆலங்கட்டியும் தொடரும்.

கடற்புயல் அறிகுறி தருவதற்கு நாள்களை எடுத்துக்கொள்கின்றது. காலபைசாகியோ மணிக்கணக்கில் உருவாகி நிமிடக்கணக்கில் தாக்குவது. ஆகவே வடமேற்கு அடிவானில் கருமை திரளக் கண்ட ஊக்ளிப் படகோட்டி கரைசேர்ந்தமையும், உழவன் கால்நடையை ஓட்டிவந்தமையும் எவ்வகையிலும் அறிவியலுக்குப் புறம்பானவை அல்ல. அவர்கள் இனங்கண்டது கார்த்திரள் முகிலையே, பெயர்தான் வேறு. அதே மழை சணலுக்கும் முற்பருவ நெல்லுக்கும் உதவுவது. அச்சமும் பயனும் ஒருங்கே அமைந்த இரட்டைப் பொருளை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

8. கலைச்சொல்லாக்கமும் பொருளும்

இலத்தீன் பெயர்களை வங்கமொழியும் தமிழும் தத்தம் இயல்பிற்கேற்ப ஆக்கிக்கொண்டன. சிர்ரசு என்பது வங்கமொழியில் அலகமேகம் எனப்படும். அலகம் என்பது சுருள்கூந்தல். குமுலசு தூபமேகம் எனவும் (தூபம் ஈண்டுக் குவியலைக் குறிக்கும்), சிராட்டசு தரமேகம் எனவும் (தரம் ஈண்டு அடுக்கைக் குறிக்கும்) வழங்கும். இவை இலத்தீன் உவமையை அவ்வாறே பெயர்த்தவை.

தமிழிலோ கீற்று, திரள், படை, கார் என்னும் சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றன. கீற்று என்பது சுருள்மயிரன்று, மெல்லிய கோடு. தென்னங்கீற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அச்சொல் எளிதில் உருவைக் காட்டும். திரள் என்பது குவியலோடு திரளுதலாகிய செயலையும் உணர்த்துகின்றது. படை என்பது அடுக்கு என்னும் பொருளில் வந்துள்ளது. சேனை என்னும் பொருளே இன்று மிகுதியும் வழங்குதலால் மாணவர்க்கு அது சிறிது மயக்கம் தரக்கூடும். நிம்பசு என்பதற்குக் கார் என்னும் சொல்லைத் தெரிந்தமை சிறப்புடையது. ஏனைய பெயர்கள் உருவை மட்டும் சுட்ட, இஃது ஒன்று நிறம், மழை, பருவம் ஆகிய பழம்பொருள்களையும் தன்னுள் கொண்டுள்ளது.

சைக்ளோன் என்பதற்கு வங்கமொழி ‘கூர்ணிஜட்’ என வழங்குகின்றது. சுழலும் காற்று என்பது அதன் பொருள். ஈழத்தமிழர் சூறாவளி என்பர். இவ்விரண்டும் பிடிங்டன் கருதிய சுழற்சியைத் தழுவியவை. தமிழ்நாட்டில் வழங்கும் புயல் என்னும் சொல்லோ வேறு வழியில் வந்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில், 14-ஆம் குறளில் புயல் என்பது மழையைக் குறித்து நிற்கின்றது. அதே அதிகாரத்தின் 17-ஆம் குறளில் எழிலி என்பது முகிலைக் குறிக்கின்றது. உழவனின் வருவாயாகிய மழையையும் அதனைத் தரும் முகிலையும் குறித்த புயல் என்னும் சொல், காலப்போக்கில் அம்முகிலோடு வரும் பெருங்காற்றைக் குறிப்பதாயிற்று. கொடையைச் சுட்டிய சொல் கேட்டைச் சுட்டுவதாக மாறியமை வெறும் சொற்பொருள் மாற்றமன்று. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவத்தின் மழையும் புயலும் ஒரே கடலினின்றும், ஒரே திங்கள்களில், ஒரே முகிலோடு வருவன. அவ்வுண்மை அச்சொல்லில் படிந்துள்ளது.

9. முடிவுரை

வானிலைத்துறையின் தலைமையிடம் 1905-இல் சிம்லாவிற்கும், 1928-இல் புனாவிற்கும், 1944-இல் தில்லிக்கும் மாறியது. 1960 ஏப்ரலில் ஏவப்பெற்ற டைரோசு-1 செயற்கைக்கோள் முகில்களை மேலிருந்து படம்பிடிக்கத் தொடங்கிய பின், மாலுமியின் கண்ணுக்கு எட்டாத புயல்முகிலும் புலனாயிற்று. எனினும் 1970 நவம்பரில் வங்கக்கடலின் வடகரையைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். முகில் காணப்பெற்றது; அதன் பொருள் மக்களைப் போதிய அளவிற்குச் சென்றடையவில்லை. 2020 மே 20 அன்று அம்பன் புயல் கொல்கத்தாவையும் சுந்தரவனப் பகுதியையும் கடுமையாகத் தாக்கியபோது, நாள்கள் பலவற்றிற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பெற்று, இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பெற்றனர். மேற்குவங்கத்தில் உயிரிழப்பு நூறு என்னும் அளவில் நின்றது. 1864-ஐயும் 2020-ஐயும் பிரிக்கும் வேறுபாடு காற்றின் வலிமையில் இல்லை. குறி செய்தியானமையில்தான் உள்ளது.

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மக்கள் வழக்கு முகிலின் பொருளைப் பெயரிலேயே அமைத்தது. ஆயின் அப்பெயர் அந்நிலத்தின் எல்லையைக் கடக்கவில்லை. இலத்தீன் வழக்கு பொருளை நீக்கி உருவைப் பெயராக்கியது; அதனால் உலகெங்கும் ஒப்பீடு இயன்றது. கல்கத்தாவில் வளர்ந்த வானிலையியல், உருவாற் பெயரிட்ட முகிலுக்கு வங்கக் கடலில் உள்ள பொருளைப் பதிவுகளால் மீட்டளித்தது. அப்பொருள் வங்கமொழியிலும் தமிழிலும், கடற்கரைச் சிற்றூரார் அறிந்த சொற்களில் உரைக்கப்பெறும்போதே இப்பணி நிறைவுறும். காலபைசாகி, கார், கொண்டல், புயல் முதலிய சொற்களை வெறும் இலக்கியச் செல்வமாகக் கொள்ளாது, எச்சரிக்கைக்குரிய மொழிக்கருவிகளாகவும் கொண்டு தொகுத்து ஆராய்தல் மொழியியலார்க்கும் வானிலையியலார்க்கும் பொதுவான கடமையாகும்.